கடலுக்குள் போய்ப் போராடுவது: சென்னையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஜனவரி முதல் ஏப்ரல் வரை, வார இறுதி ராத்திரிகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஆமை முட்டை தேடி நடக்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. கூட நடப்பவர்கள் ஆமையைப் பற்றிக் கேட்டு முடித்ததும் பேச்சு எப்படியோ திமிங்கலத்துக்குப் போய்விடும். திமிங்கல வேட்டைக் கப்பலை நடுக்கடலில் போய் மறிக்கிறார்களாமே, இடிக்கிறார்களாமே என்று ஆரம்பிப்பார்கள். பள்ளிக்கூடங்களில் பேசப் போனாலும், காசிமேட்டில் டீக்கடையில் உட்கார்ந்தாலும் இதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலை எனக்குத் தெரிந்தவரை கீழே சேர்த்திருக்கிறேன்.

அக்கா, நம்ம சென்னைக் கடல்ல நிஜமாவே திமிங்கலம் இருக்கா?

மெரினாவில் நின்று பார்த்தால் தெரியாது. ஆனால் வங்காள விரிகுடாவில் இருக்கின்றன. பிரைடு திமிங்கலம், நீலத் திமிங்கலம், ஸ்பெர்ம் திமிங்கலம் எல்லாமே இந்தக் கடலில் திரிபவைதான். திருகோணமலையில் சுற்றுலாப் பயணிகள் படகேறிப் போய்ப் பார்க்கும் நீலத் திமிங்கலங்கள் நமக்கு ஒரு நாள் கப்பல் தூரத்தில்தான் இருக்கின்றன. ஓங்கல், அதாவது டால்பின், இன்னும் பக்கத்தில் வரும்.

எவ்வளவு பெரிது என்று கேட்கும் பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் திமிங்கல எலும்புக்கூட்டின் முன்னால் நிறுத்துங்கள். நான் அழைத்துப் போன ஒரு ஐந்தாம் வகுப்பு, அதன் முன்னால் பேச்சை நிறுத்திவிட்டது. அப்படி ஒன்று அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை என்று டீச்சர் சொன்னார்.

திமிங்கலமும் மீன்தானே? மீன் பிடிக்கலாம், அதைப் பிடிச்சா மட்டும் தப்பா?

மீன் இல்லை. நம்மைப் போல மூச்சு விடும், குட்டி போட்டுப் பால் கொடுக்கும். ஒரு மீன் ஒரே பருவத்தில் லட்சக்கணக்கில் முட்டையிடும். நீலத் திமிங்கலம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு குட்டி போடும். இந்தக் கணக்குதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறக்குறைய 29 லட்சம் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. 1930-31 என்ற ஒரே பருவத்தில் தென்துருவக் கடலில் செத்த நீலத் திமிங்கலங்கள் மட்டும் 29 ஆயிரத்துக்குப் பக்கம். எந்த இனமும் அந்த வேகத்துக்கு ஈடு கொடுத்துப் பெருக முடியாது.

அதான் உலகம் பூரா தடை இருக்கே, இன்னும் யார் வேட்டையாடுறாங்க?

வியாபார வேட்டையை நிறுத்த சர்வதேச திமிங்கல ஆணையம் முடிவெடுத்தது 1982இல். அமலுக்கு வந்தது 1986இல். இந்தியா அந்த முடிவுக்கு ஒரு வருடம் முன்பே, 1981இல், ஆணையத்தில் உறுப்பினராகி, தடைக்கு ஆதரவாக நின்றது. நார்வே தடையை ஒப்புக்கொள்ளவே இல்லை, இன்றும் மிங்கி திமிங்கலத்தை வேட்டையாடுகிறது. ஐஸ்லாந்தும் தனி நிபந்தனையோடு வேட்டை நடத்தியிருக்கிறது.

ஜப்பான் 'ஆராய்ச்சிக்காகப் பிடிக்கிறோம்' என்று சொல்லி, தென்துருவக் கடலில் பல வருடம் தொடர்ந்தது. அது ஆராய்ச்சிக்கான வேட்டை அல்ல என்று 2014 மார்ச் 31 அன்று ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டது ஆஸ்திரேலியா. 2019இல் ஜப்பான் ஆணையத்தை விட்டே வெளியேறி, தன் கடல் எல்லைக்குள் வியாபார வேட்டையை வெளிப்படையாகத் தொடங்கியது. நீலத் திமிங்கலத்துக்கு அடுத்தபடி பெரியதான ஃபின் திமிங்கலத்தையும் 2024இல் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

நடுக்கடல்ல போய் என்னதான் பண்ணுவாங்க? பேனர் பிடிப்பாங்களா?

பேனரும் பிடிப்பார்கள். ஆனால் முதல் வேலை, பார்ப்பது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. காட்டில் மரம் வெட்டினால் ஊர்க்காரன் ஒருத்தன் கண்ணிலாவது படும். கரையிலிருந்து ஆயிரம் மைல் தள்ளி ஒரு கப்பல் என்ன செய்கிறது என்பது அந்தக் கப்பலில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். சோவியத் கப்பல்கள் தென்பாதிக் கடல்களில் பிடித்ததாகக் கணக்குக் காட்டிய கூன்முதுகுத் திமிங்கலங்கள் சுமார் 2,700. உண்மையில் கொன்றது 48 ஆயிரத்துக்கும் மேல். சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு, 1990களில், அந்நாட்டு விஞ்ஞானிகளே பதுக்கி வைத்திருந்த ஏடுகளை வெளியே கொண்டுவந்ததால்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அத்தனை ஆண்டுகள், அத்தனை உயிர், பார்த்துச் சொல்ல வெளி ஆள் ஒருவர்கூட இல்லை.

பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்பதால்தான் 1975இல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் ஆட்கள் கேமராவோடு போனார்கள். கனடாவின் வான்கூவரிலிருந்து ஒரு பழைய மீன்பிடிப் படகில் கிளம்பி, கலிஃபோர்னியாவுக்கு அப்பால் சோவியத் வேட்டைக் கப்பல்களைக் கண்டுபிடித்தார்கள். சின்ன ரப்பர் படகில் ஏறி, ஈட்டித் துப்பாக்கிக்கும் திமிங்கலத்துக்கும் நடுவில் போய் நின்றார்கள். அவர்கள் தலைக்கு மேல் ஈட்டி பறந்து திமிங்கலத்தைத் தைத்தது. அந்தத் திமிங்கலத்தைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் படம் கையில் இருந்தது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள்தான் அடுத்த ஏழு வருடத்தில் தங்கள் அரசுகளைத் தடைக்கு ஓட்டுப் போட நெருக்கியவர்கள்.

கிரீன்பீஸ், சீ ஷெப்பர்ட் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. பால் வாட்சன் என்ற கனடாக்காரர் கிரீன்பீஸின் ஆரம்பகால ஆட்களில் ஒருவர். மேலே சொன்ன 1975 பயணத்திலும் இருந்தார். 1977இல் பிரிந்து போய்த் தொடங்கியதுதான் சீ ஷெப்பர்ட் ஆனது. படம் எடுத்தால் போதாது, கொலையை நிறுத்த வேண்டும் என்பது அவர் கட்சி. 1979இல் 'சியரா' என்ற திருட்டு வேட்டைக் கப்பலைப் போர்ச்சுகல் அருகே தன் கப்பலாலேயே இடித்தார். 2022இல் அவரும் அந்த அமைப்பை விட்டு விலகிவிட்டார்.

கப்பலை இடிக்கிறது தப்பில்லையா? அது கடற்கொள்ளை மாதிரிதானே?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். அவர் கேட்டது சரியான கேள்வி. கடலில் மோதலைத் தவிர்ப்பது எல்லாக் கப்பலுக்கும் பொதுவான சட்டம், நோக்கம் நல்லதென்றால் அதற்கு விலக்குக் கிடையாது. சீ ஷெப்பர்ட் செய்த சில காரியங்கள் கடற்கொள்ளை என்ற வரையறைக்குள் வரும் என்று 2013இல் ஓர் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமே சொன்னது. 2024 ஜூலையில், ஜப்பானின் பழைய வழக்கு ஒன்றுக்காக வாட்சன் கிரீன்லாந்தில் கைதானார். ஐந்து மாதம் சிறையில் இருந்த பிறகு, அவரை ஜப்பானிடம் ஒப்படைக்க டென்மார்க் மறுத்ததால் வெளியே வந்தார்.

என் கருத்தைக் கேட்டால், இடிப்பதை நான் ஏற்கவில்லை. தென்துருவக் கடலின் தண்ணீரில் விழுந்தவர் சில நிமிடங்களில் விறைத்துப் போவார். எதிர்க் கப்பலில் இருப்பவரும் சம்பளத்துக்கு வந்த மாலுமிதான், அவர் வீட்டிலும் காத்திருக்கிறார்கள். 2010 ஜனவரியில் ஆடி கில் என்ற போராட்டப் படகும் ஜப்பானின் காவல் கப்பலும் மோதி, படகின் மூக்கு உடைந்தது. யாரும் சாகாதது அதிர்ஷ்டம். குறுக்கே நிற்பதை, தொடர்வதை, படம் எடுப்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

போராடப் போனவங்க யாராவது செத்திருக்காங்களா?

1985 ஜூலை 10 ராத்திரி, நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்தில் கட்டியிருந்த கிரீன்பீஸின் 'ரெயின்போ வாரியர்' கப்பலின் அடியில் இரண்டு குண்டுகள் வெடித்தன. பசிபிக் தீவில் பிரான்ஸ் நடத்திய அணுகுண்டுச் சோதனையை எதிர்க்க அது கிளம்பவிருந்தது. உள்ளே இருந்த புகைப்படக்காரர் ஃபெர்னாண்டோ பெரேரா மூழ்கி இறந்தார். குண்டு வைத்தது பிரான்ஸ் அரசின் உளவாளிகள். முதலில் மறுத்த பிரான்ஸ் சில மாதத்தில் ஒப்புக்கொண்டது. செத்தவர் கையில் இருந்தது கேமரா என்பதை நான் பள்ளிகளில் சொல்லாமல் விடுவதில்லை.

இத்தனை பண்ணி எதாவது நின்னுச்சா?

நின்றது. 2011 பிப்ரவரியில் ஜப்பானின் வேட்டைக் கப்பல்கள் போராட்டப் படகுகளின் தொல்லையைக் காரணமாகச் சொல்லி, பருவத்தைப் பாதியில் முடித்துத் திரும்பின. 2014 தீர்ப்பும் சேர்ந்துகொண்டது. 2019க்குப் பிறகு தென்துருவக் கடலில் ஜப்பான் வேட்டைக்கு வருவதில்லை. விட்டுவைத்த இடத்தில் திமிங்கலம் திரும்பி வருகிறது: தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கூன்முதுகுத் திமிங்கலங்கள் ஒரு காலத்தில் 450 அளவுக்குச் சுருங்கியிருந்தன, இப்போது 25 ஆயிரத்தை நெருங்கிவிட்டன.

எனக்குப் பிடித்த கதை திமிங்கலத்தைப் பற்றியதே அல்ல. 'தண்டர்' என்ற கப்பல் தென்துருவக் கடலில் வருடக்கணக்காகத் திருட்டுத்தனமாக மீன் அள்ளிக்கொண்டிருந்தது. 2014 டிசம்பரில் சீ ஷெப்பர்ட் கப்பல்கள் அதைக் கண்டுபிடித்தன. ஒரு கப்பல் துரத்தியது. இன்னொன்று, தண்டர் அறுத்துவிட்டு ஓடிய எழுபது கிலோமீட்டர் வலையைச் சாட்சியத்துக்காக வாரக்கணக்கில் இழுத்து ஏற்றியது. 110 நாள் துரத்தல். கடைசியில் ஆப்பிரிக்காவின் மேற்கே தண்டர் மூழ்கியது. அதன் ஆட்கள் நாற்பது பேரையும் கடலிலிருந்து எடுத்துக் காப்பாற்றியது துரத்தி வந்தவர்கள்தான். அதுவும் போதாதென்று, மூழ்கிக்கொண்டிருந்த கப்பலுக்குள் ஏறி ஆதாரங்களையும் எடுத்து வந்தார்கள். யாரையும் இடிக்கவில்லை. விடாமல் கூடவே போனார்கள், அவ்வளவுதான்.

இந்தியாவுல திமிங்கல வேட்டையே கிடையாதே, நமக்கு எதுக்கு இந்தக் கவலை?

நம் வாசலிலும் வேட்டை நடந்திருக்கிறது. 1966 வாக்கில் சோவியத் கப்பல்கள் அரபிக்கடலில் சுமார் 240 கூன்முதுகுத் திமிங்கலங்களைக் கொன்றன. அந்தக் கூட்டம் இன்றுவரை தேறவில்லை. 1979இல் சீஷெல்ஸ் என்ற சின்னத் தீவு நாடு முன்மொழிந்து, இந்தியப் பெருங்கடல் திமிங்கலச் சரணாலயம் ஆனது.

இன்றைக்கு ஈட்டியைவிட அதிகம் கொல்வது வலையும் கப்பலும். உலகம் முழுக்க வருடத்துக்குச் சுமார் 3 லட்சம் திமிங்கலங்களும் டால்பின்களும் வலையில் சிக்கிச் சாகின்றன என்பது மதிப்பீடு. இலங்கையின் தெற்கு முனையை ஒட்டிய கப்பல் பாதை நீலத் திமிங்கலங்கள் இரை தேடும் இடத்தின் மேலேயே போகிறது, அடிபட்டுச் சாகின்றன. 2022இல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைச் சற்றுத் தெற்கே தள்ளிப் போகச் சொன்னது. எல்லாக் கப்பல்களும் அப்படித் தள்ளிப் போனால் போதும். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கு வரும் சரக்கும் அந்தப் பக்கமாகச் சுற்றி வருவதுண்டு. அதில் நம் வீட்டுச் சாமானும் இருக்கும்.

நம்ம ஊர்ல யாராவது கடல்ல இறங்கிப் போராடியிருக்காங்களா?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். 2012 செப்டம்பரில் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக இடிந்தகரை மக்கள், பெண்களும் பிள்ளைகளுமாக, இடுப்பளவு கடல் நீரில் கைகோத்து நின்றார்கள். அடுத்த மாதமே நூற்றுக்கணக்கான படகுகள் கடல் பக்கமாகப் போய் முற்றுகையிட்டன. அணு உலை வேண்டுமா வேண்டாமா என்பதில் உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கட்டும். கடலில் நின்று போராட வான்கூவரிலிருந்து கப்பல் வர வேண்டியதில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

எண்ணூரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, அதை வாளியில் அள்ளியது மீனவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் எண்ணெய் வந்தபோதும் அள்ளியவர்கள் அந்தக் குப்பத்து ஆட்கள்தான், கையுறைகூட இல்லாமல். முகத்துவாரம் போனால் இறால் போகும் என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்துப் பழவேற்காட்டு மக்கள் பேசுவதும் இதையேதான்.

ஆமைங்க சாகறதுக்கு மீனவங்கதானே காரணம்? அவங்களோட சேர்ந்து எப்படிப் போராடுறது?

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. அந்த வாரங்களில் நடந்த எங்களுக்கு அதை மறக்க முடியாது. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தவை. ஆமையும் நம்மைப் போல மூச்சு விடுவது, இழுவலைக்குள் மாட்டினால் மேலே வர முடியாமல் திணறிச் சாகும்.

ஆனால் 'மீனவர்' என்று எல்லோரையும் ஒரே பெயரில் அடைக்காதீர்கள். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக்கூடாது என்பது தமிழ்நாட்டில் விதி. அதை மீறும் படகால் முதலில் அடிபடுவது ஃபைபர் படகில் போகும் சின்ன மீனவர். அவர் வலையும் கிழியும், அவர் மீனும் போகும். ஆமையும் அவரும் ஒரே பக்கம். எந்தப் படகு எங்கே இழுக்கிறது என்று ராத்திரி மூன்று மணிக்குப் பார்ப்பவரும் அவர்தான். நான் மேலே சொன்ன 'பார்ப்பது' என்ற வேலையை நம் கடலில் செய்யக்கூடியவர் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை. விசைப்படகுக்காரர்களிலும் ஆமை தப்பிக்கும் வழி வைத்த வலையைப் போடத் தயாராக இருப்பவர்கள் உண்டு. எல்லாரும் போட்டால் நானும் போடுறேன் என்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது.

என் பையன் இந்த மாதிரிக் கப்பல்ல சேரணும்னு நிக்கிறான். என்ன படிக்கணும்?

அந்தக் கப்பல்களுக்கும் இன்ஜின் ஓட்ட, சமைக்க, காயத்துக்குக் கட்டுப்போட, படகு இறக்க ஆள் வேண்டும். கோஷம் போடத் தெரிந்தவர் தேவைப்படுவதில்லை. சீ ஷெப்பர்டில் பெரும்பாலும் சம்பளம் இல்லாத தொண்டர்கள், கிரீன்பீஸ் கப்பல்களில் சம்பளத்துக்கு இருக்கும் மாலுமிகளும் உண்டு. பையனுக்கு உண்மையான விருப்பம் இருந்தால் கடல்சார் படிப்பு படிக்கட்டும். ஈசிஆரில் உத்தண்டியிலேயே இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது. கையில் ஒரு தொழில் இருந்தால், மனசு மாறினாலும் வயிறு காயாது.

எனக்கு நீச்சலே தெரியாது. நான் எதுவும் செய்ய முடியாதா?

ஆமை நடைக்கு வாங்க. மாணவர்கள் சேர்ந்து 1988இலிருந்து நடத்தும் குழு அது. வெள்ளை டார்ச் அடிக்கக்கூடாது, சத்தம் போடக்கூடாது, மணலில் ஆறேழு கிலோமீட்டர் நடக்கக் கால் வேண்டும். நீச்சல் வேண்டாம்.

கரையில உயிரோட ஒரு திமிங்கலம் ஒதுங்கினா கடலுக்குள்ள தள்ளிவிடலாமா?

அவசரப்பட்டுத் தள்ளாதீர்கள். 2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு பக்கம் பைலட் திமிங்கலங்கள் 80க்கும் மேல் ஒதுங்கின. மீனவர்கள் ராத்திரி முழுக்கப் பாடுபட்டு இழுத்துக் கடலில் விட்டார்கள். பல திரும்பவும் கரைக்கே வந்தன. 1973இலும் தூத்துக்குடிப் பக்கம் 147 ஒதுங்கியிருக்கின்றன. கூட்டத்தை விட்டுப் பிரியாத இனம் அது. ஒன்று நோயில் கரையேறினால் மற்றவையும் பின்னாலேயே வரும்.

வாலைப் பிடித்து இழுக்கக்கூடாது, முதுகெலும்பு பிசகும். தலை உச்சியில் இருக்கும் மூச்சுத்துளைக்குள் தண்ணீரோ மணலோ போகவிடாதீர்கள். ஈரத்துணி போட்டு உடம்பைக் குளிர்ச்சியாக வையுங்கள், கூட்டத்தை விலக்குங்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடலோரக் காவல்படையின் 1554 எண்ணும் இருக்கிறது. செத்தது என்றால் தொடவே வேண்டாம், ஏறி நின்று படம் எடுக்கவும் வேண்டாம்.

அம்பர்கிரிஸ் கிடைச்சா கோடீஸ்வரன் ஆகலாம்னு சொல்றாங்களே?

ஆக மாட்டீர்கள், ஜெயிலுக்குப் போவீர்கள். ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் பொருள் அது. 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிரின் பொருளை வைத்திருந்தாலே, விற்றாலே குற்றம், 3 முதல் 7 வருடம் வரை சிறை. கரையில் பார்த்தால் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

நீங்க சொல்றது எல்லாம் சரிம்மா. வலையை அறுத்து ஆமையை விடுன்னா, என் வலைக்கு யார் காசு கொடுப்பா?

காசிமேட்டில் ஒரு அண்ணன் கேட்டது. இதுவரை நான் கேட்ட கேள்விகளிலேயே கனமானது. ஒரு வலையை அறுத்தால் பல ஆயிரம் போகும், அதை வாங்கிய கடன் அப்படியே நிற்கும்.

கேட்டதற்குப் பதில் வேறு கரைகளில் இருக்கிறது. மகாராஷ்டிராவில் 2018இலிருந்து, பாதுகாக்கப்பட்ட உயிரை விடுவிக்க வலையை அறுத்தவருக்கு 25 ஆயிரம் ரூபாய் வரை இழப்பீடு உண்டு. விடுவித்ததைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். குஜராத்தில் ஒரு காலத்தில் திமிங்கலச் சுறாவை ஈட்டியால் குத்திய அதே மீனவர்கள், இழப்பீடு வந்த பிறகு நூற்றுக்கணக்கில் விடுவித்திருக்கிறார்கள். நம் பாக் விரிகுடாவில் கடல்பசுவை, அதாவது ஆவுளியாவை, விடுவித்தவர்களுக்கு வனத்துறை பணமும் பாராட்டும் கொடுத்திருக்கிறது. 2022இல் அங்கே 448 சதுர கிலோமீட்டர் கடல்பசுக் காப்பகமும் ஆனது. சென்னைக் கரையில் வலையை அறுக்கும் அண்ணனுக்கும் அதே உறுதி வேண்டும், அதுவும் மூன்று ஆபீஸ் ஏறி இறங்காமல், அதே வாரத்தில். ஆமைக்காகப் பேசும் ஒவ்வொருவரும் இதையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அந்த அண்ணனிடம் மகாராஷ்டிரா கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினார். போன பருவத்தில் எடுத்தது, நாற்பது விநாடி இருக்கும். படகோரத்தில் இரண்டு பேர் குனிந்து கத்தியால் வலையை அறுக்கிறார்கள், ஆமையின் முன்துடுப்பு வெளியே வருகிறது, தண்ணீரில் விழுகிறது. "காசு வரும்னு எடுக்கலம்மா. பார்த்தது யாராவது நம்பணும்ல, அதுக்கு எடுத்தேன்" என்றார்.